அலர்ட் யாருக்குப் போகிறது?

வெள்ளவத்தை
3 மார்ச் 2025

லோகேசுக்கு,

காலையிலிருந்து விடாமல் போன் பண்ணுகிறீர்கள். நான் வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. எடுத்தால் நான் அழுவேன், நீங்கள் சத்தம் போடுவீர்கள், அடுத்த அறையில் அக்கா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். மெயிலில் எழுதுங்கள். எழுதினால் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே விழ முடியாது.

நான் கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். ஏன் கோபம் என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். அதையும் நானே எழுதுகிறேன், ஒருநாள் அவருக்கும் வாசித்துக் காட்டலாம்.

சனிக்கிழமை செலீன் மிஸ் கூப்பிட்டார். அவருடைய சட்ட அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், அவளுக்கு ஒரு மெயில் அட்ரஸ் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. லப்டொப்பைத் திறந்து சேர்வருக்குள் போனேன். 'இந்த மாற்றத்தைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. எந்தச் சேர்வர்? நீங்களும் நானும் வேலை பார்த்த இடத்தை விட்டுவிட்டு, ஜம்பட்டா வீதி வீட்டின் முன்னறையில் ஏசியைப் போட்டு, நம்மை விடக் குளிராக வைத்திருந்து வளர்த்த சேர்வர். கொட்டாஞ்சேனையிலும் மாளிகாவத்தையிலும் இத்தனை கடைக்காரர்கள் அதை நம்பித்தான் மெயில் அனுப்புகிறார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீட்டுக்கு வந்த மறுநாளே அட்மின் பட்டியலிலிருந்து என்னை எடுத்திருக்கிறீர்கள். கேட்டதற்கு, "நீ ரெஸ்ட் எடுக்கணும்னுதானே" என்றீர்கள். நம் பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கென்று மிச்சமிருந்தது அந்த வேலைதான். அதையும் எனக்குத் தெரியாமல் எடுத்தீர்கள்.

உரிமையை உடனே திருப்பிக் கொடுத்துவிட்டு 'சரி, முடிந்தது' என்று கையைத் தட்டிக்கொள்ள வேண்டாம். முதலில் ஒன்று செய்யுங்கள். இனி அந்தச் சேர்வரில் யார் எந்த நிர்வாக மாற்றம் செய்தாலும் எனக்கு உடனே ஒரு அலர்ட் மெயில் வரவேண்டும். நீங்கள் செய்தாலும்தான். முக்கியமாக நீங்கள் செய்தால்.

நிரோஷா


கொட்டாஞ்சேனை
5 மார்ச் 2025

அன்பு நிரோ,

உன் கடிதத்தை வாசித்ததும் முதலில் எனக்கும் கோபம் வந்தது. பதில் அடித்தேன், அழித்தேன். பிறகு அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். ஹட்டனிலிருந்து வந்த நாளாக எனக்குப் பிடிக்கும் என்று தினமும் பாகற்காய் வைக்கிறார். எனக்குப் பாகற்காய் பிடிக்காது என்று இத்தனை வருஷமாக அவரிடம் யார் சொல்லாமல் விட்டது என்று தெரியவில்லை. சாப்பிட்டு முடித்தபோது கோபம் இல்லை.

நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை நிரோ. படுக்கையில் கிடந்துகொண்டு, முகமெல்லாம் வெளுத்துப்போய், யாரோ ஒருவனுடைய பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருந்தாய். "விடு, நான் செய்றேன்" என்று சொன்னேன். நீ கேட்கவில்லை. நீ சொல் கேட்கிற ஆளா? அதனால்தான்... சரி, இதை இதோடு விடுகிறேன்.

நீ கேட்டபடி நேற்று உட்கார்ந்து அலர்ட்டைப் போட்டுவிட்டேன். புது மெயில்பாக்ஸ் திறந்தால், ஒன்றை அழித்தால், பாஸ்வேர்ட் மாற்றினால், ஒருவரின் மெயிலை இன்னொருவருக்குத் திருப்பிவிட்டால், அட்மின் உரிமை கொடுத்தால், எடுத்தால், எல்லாவற்றுக்கும் மெயில் வரும். யார் செய்தது, என்ன செய்தது, எத்தனை மணிக்கு என்று அதில் இருக்கும். ஒரு பொய் மெயில்பாக்ஸ் திறந்து சோதித்தும் பார்த்தேன். அலர்ட் டக்கென்று வந்தது.

மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாயா? இரும்புச்சத்துக் குளிசையை ஜன்னலுக்கு வெளியே போடுவது உன் பழக்கம். அக்கா வீட்டு ஜன்னலுக்கு வெளியே ரயில் தண்டவாளம் இருக்கிறது, பார்த்துக்கொள்.

லோகேஸ்


வெள்ளவத்தை
11 மார்ச் 2025

லோகேசுக்கு,

குளிசை குடிக்கிறேன். தண்டவாளம் பத்திரமாக இருக்கிறது.

உங்கள் அலர்ட்டைத்தான் காணவில்லை. ஒன்றுகூட வரவில்லை. ஸ்பாமிலும் தேடினேன். முதலில், பாவம், ஒரு மாற்றமும் செய்யாமல் இருக்கிறார் போல என்று உங்களுக்காக நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். நேற்று மார்க்கட்டுக்குப் பக்கத்தில் செலீன் மிஸ்ஸைக் கண்டேன். "உம்மட மனுசன் அந்தப் பிள்ளைக்குப் போன வியாழக்கிழமை மெயில் திறந்து தந்தவர், நீர் சுகமோ?" என்று கேட்டார். நான் சுகம் என்று தலையை ஆட்டினேன்.

ஆக, மெயில்பாக்ஸ் திறந்திருக்கிறீர்கள். எனக்கு வரவில்லை. அலர்ட் போட்டேன் என்று எழுதியதும் பொய்யா? சண்டை பிடிப்பதை நான் தாங்குவேன். சமாதானப்படுத்துவதற்காகப் பொய் சொல்வதைத் தாங்க மாட்டேன்.

அக்கா, "ரெண்டு நாள்ல வந்து கூட்டிக்கிட்டுப் போவாருன்னு நெனச்சேன்" என்கிறாள். அவளுக்கும் நான் இருப்பது இடைஞ்சல்தான். பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கும் அறையில் படுத்திருக்கிறேன்.

நிரோஷா


கொட்டாஞ்சேனை
11 மார்ச் 2025

நிரோ,

உன் கடிதம் வந்த கையோடு போய்ப் பார்த்தேன். கண்டுபிடித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், அம்மா பயந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார்.

அலர்ட் யாருக்குப் போகவேண்டும் என்று கேட்ட இடத்தில் நான் உன் பெயரைப் போடவில்லை. 'அட்மின்கள்' என்ற குழுவைப் போட்டேன். அதுதான் ஒழுங்கான முறை என்று நீதான் எனக்குச் சொல்லித்தந்தாய், ஆளைப் போடாதே, குழுவைப் போடு, ஆட்கள் மாறுவார்கள் என்று. அந்தக் குழுவிலிருந்துதான் உன்னை நான் எடுத்துவிட்டேனே. இப்போது அந்தக் குழுவில் இருப்பது நான் ஒருவன். ஆக, நான் மாற்றம் செய்கிறேன், சேர்வர் உடனே அதை எனக்கே அறிவிக்கிறது, நான் 'ஆஹா, வேலை செய்கிறது' என்று சந்தோஷப்படுகிறேன். ஒரு வாரமாக எனக்கு நானே கடிதம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சிரிக்காதே. சரி, சிரி. நீ சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது.

இப்போது உன் பெயரைத் தனியாகப் போட்டுவிட்டேன். இதை அனுப்பிவிட்டு ஒரு பாஸ்வேர்டை மாற்றுவேன். வந்ததா என்று மட்டும் எழுது. பொய் சொல்லவில்லை நிரோ. மடையனாக இருந்திருக்கிறேன், அது வேறு.

லோகேஸ்


வெள்ளவத்தை
19 மார்ச் 2025

லோகேசுக்கு,

வந்தது. வந்துகொண்டே இருக்கிறது. போதும் சாமி.

மடையன் விஷயத்துக்குச் சிரித்தேன். அக்கா அறைக்குள் வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அவ்வளவு சிரித்தேன்.

இப்போது ஒரு கேள்வி. மாளிகாவத்தை டைல்ஸ் கடை ஸாலிஹ் ஹாஜியாரின் மெயில்பாக்ஸ் அளவை வியாழக்கிழமை கூட்டியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை குறைத்திருக்கிறீர்கள். சனிக்கிழமை மறுபடி கூட்டி, திங்கட்கிழமை மறுபடி குறைத்திருக்கிறீர்கள். அந்த மனுஷன் அப்படி என்ன பாவம் செய்தார்? 'டெஸ்ட்' என்று ஒரு மெயில்பாக்ஸ் பிறக்கிறது, அடுத்த நிமிஷம் சாகிறது, பிறகு 'டெஸ்ட் இரண்டு'. இதெல்லாம் ஒரு அட்மின் செய்கிற வேலையா, அல்லது சேர்வருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கையைப் பிசைந்துகொண்டிருக்கிறாரா?

இன்னொன்றும் பார்த்தேன். உங்கள் அலர்ட்டெல்லாம் மதியம் ஒன்று, ஒன்றரைக்கு வருகின்றன. அது சாப்பிடும் நேரம். நான் இருந்தபோது அந்த நேரத்தில் கீபோர்ட்டைத் தொட விடமாட்டேன். பாகற்காயிலிருந்து தப்பி ஓடுகிறீர்கள் போல. அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், அவர் கோபிக்க மாட்டார். அவருக்குமே பாகற்காய் பிடிக்காது, உங்களுக்காகத்தான் தானும் சாப்பிடுகிறார். தீபாவளிக்கு வந்தபோது என்னிடம் சொன்னார்.

நிரோ


கொட்டாஞ்சேனை
20 மார்ச் 2025

என் நிரோ,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இன்று கத்தரிக்காய்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டாய். வேறென்ன செய்ய? போன் எடுக்க மாட்டாய். தினமும் கடிதம் எழுத எனக்கு வராது, எழுதினாலும் ஏதாவது தப்பாக எழுதிவிடுவேன் என்று பயம். ஒரு மாற்றம் செய்தால் உன் போனில் சின்னதாக ஒரு சத்தம் கேட்கும், என் பெயரைப் பார்ப்பாய் என்று நினைத்துக்கொள்வேன். ஹாஜியாரே நேற்றுக் கூப்பிட்டுவிட்டார். "என்ன தம்பி, என்ட மெயில்பாக்ஸ் ஒரு நாளைக்குப் பெருசாகுது, ஒரு நாளைக்குச் சின்னதாகுது? நோன்பு நாளையில நான்தான் மெலியணும், அது ஏன் மெலியுது?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். நோன்புக் கஞ்சி ஒரு வாளி அனுப்பியிருந்தார், உனக்கும் சேர்த்து. "மகள் எங்க?" என்று உன்னைத்தான் கேட்டார், அக்கா வீட்டில் என்றேன்.

நிரோ, என் முதல் கடிதத்தில் பாதியில் விட்டதை எழுதிப் பார்க்கிறேன். நீ வீட்டுக்கு வந்த மறுநாள் என்னால் உனக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. தண்ணீர் கொண்டுவந்தால் வேண்டாம் என்றாய். கையைப் பிடித்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். டாக்டர் ரெஸ்ட் என்றார். சரி, இதையாவது செய்வோம் என்று சேர்வருக்குள் போய் உன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த அந்த அட்மின் அடையாளத்தை எடுத்தேன். உன் தலையிலிருந்து ஒரு சுமையை இறக்கிவிட்டதாகவே நினைத்தேன். அன்றைக்கு என்னால் முடிந்த ஒரே வேலை அதுதான். அது உனக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று யோசிக்கவே இல்லை.

வந்துவிடு. அலர்ட்தான் இப்போது ஒழுங்காக வருகிறதே.

லோகேஸ்


வெள்ளவத்தை
23 மார்ச் 2025

லோகேஸ்,

இதை எழுதக் கடற்கரைக்கு வந்திருக்கிறேன். போனில்தான் அடிக்கிறேன். பக்கத்தில் ஒரு குடும்பம் வடை சாப்பிடுகிறது, நான் அழுவதைப் பார்த்து ஒன்றை என்னிடம் நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

உங்கள் அலர்ட்டெல்லாம் வந்தும் ஏன் மனம் ஆறவில்லை என்று இத்தனை நாள் எனக்கே விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. மாற்றம் நடந்து முடிந்த பிறகுதான் அலர்ட் வருகிறது. கதவைப் பூட்டிவிட்டு, 'கதவு பூட்டப்பட்டது' என்று அறிவிக்கிறது. நான் தப்பானதைக் கேட்டிருக்கிறேன். உடனே தெரியவேண்டும் என்று கேட்டேன். செய்வதற்கு முன் என்னிடம் கேட்கவேண்டும் என்றல்லவா கேட்டிருக்கவேண்டும்?

ஆஸ்பத்திரியிலும் இதுதான் நடந்தது. டாக்டர் சாயந்தரமே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நீங்கள் என்னிடம் வந்து, "ஒண்ணுமில்ல, தூங்கு, காலையில ஸ்கேன் பண்ணுவாங்க" என்றீர்கள். நான் உங்களை நம்பி, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, பிள்ளையோடு பேசிக்கொண்டே தூங்கினேன். காலையில்தான் எனக்குத் தெரிந்தது. என் உடம்பில் நடந்ததை நர்ஸ் அறிந்திருந்தார், நீங்கள் அறிந்திருந்தீர்கள், உங்கள் அம்மாவுக்குப் போன் போயிருந்தது. எனக்குத்தான் கடைசியாக வந்தது. நீங்கள் என் மேல் இருக்கிற பாசத்தில் செய்தீர்கள், எனக்குத் தெரியும். தெரிந்துதான் இத்தனை நாள் இதைச் சொல்ல முடியாமல் சேர்வரை வைத்துச் சண்டை போட்டேன்.

அந்த ராத்திரி நாம் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம் லோகேஸ். நீங்கள் வராந்தாவில் தனியாக அழுததாக நர்ஸ் சொன்னார். ஏன் தனியாக?

இனி எனக்கு அலர்ட் வேண்டாம். கேளுங்கள். நான் வேண்டாம் என்று சொன்னால் நாம் சண்டை போடுவோம். ஆனால் முதலில் கேளுங்கள்.

நிரோ


கொட்டாஞ்சேனை
26 மார்ச் 2025

நிரோ,

உன் கடிதத்தோடு மூன்று நாள் சுற்றித் திரிந்தேன். ஸாலிஹ் ஹாஜியாரின் மெயில்பாக்ஸைத் தொடவே இல்லை.

அன்றைக்கு வராந்தாவில் நின்று, இன்னும் ஒரு ராத்திரியாவது நீ சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு ராத்திரியை உனக்குக் கொடுக்கிறேன் என்று நினைத்தேன். நீ பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று இப்போதுதான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு முடியவில்லை. நேரில் அழுகிறேன், நீ விட்டால்.

இப்போது ஒன்று கேட்கவேண்டும். கேட்காமலே செய்யவிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டில் விஷயம். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் ஒன்றும் வாங்கக்கூடாது என்று அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டதைக் கேட்காமல், பெட்டா கடைத்தெருவுக்குப் போய் ஆசை ஆசையாக வாங்கி, நாமே ஸ்குரூ முடுக்கிப் பூட்டி வைத்தோமே, அந்தச் சின்னக் கட்டில். அம்மா வந்த நாளிலிருந்து, "ஏன்டா தம்பி, அதைக் கண்ணு முன்னால வச்சிக்கிட்டே இருக்க? அவ வந்து பார்த்தா தாங்குவாளா?" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். மாடியில் இருக்கும் சீனியம்மாவின் பேத்திக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கப்போகிறது, அவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். எனக்கும் சரியென்று பட்டது. நீ வருவதற்கு முன் அறையைத் துடைத்துச் சுத்தமாக்கி, உன் மேசையை அங்கே போட்டு வைத்திருந்தால் உனக்கு லேசாக இருக்கும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக் கதவடிக்குக் கொண்டுவந்தும்விட்டேன். அப்போதுதான் உன் கடிதம் வந்தது.

திருப்பி எடுத்துக்கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். சீனியம்மாவிடம் நிரோவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "ஆமாப்பா, அவகிட்டதான் கேக்கணும்" என்றார். இவ்வளவு லேசான விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கட்டிலை என்ன செய்யலாம் நிரோ? கொடுக்கலாமா? வைத்துக்கொள்ளலாமா? நீ எதைச் சொன்னாலும் சரி. இன்னும் ஒன்றும் சொல்லத் தோன்றாவிட்டால் அதுவும் சரி, அறையைச் சாத்தி வைக்கிறேன். சாத்தட்டுமா?

இன்னொன்றும் கேட்கிறேன். அட்மின் உரிமையை உனக்குத் திருப்பித் தரட்டுமா? கேட்காமல் எடுத்தேன். கேட்காமல் கொடுக்கவும் கூடாது என்று இப்போது விளங்குகிறது.

உன்
லோகேஸ்


வெள்ளவத்தை
28 மார்ச் 2025

அன்புள்ள லோகேஸ்,

செய்வதற்கு முன் என்னைக் கேட்கிற கடிதம் உங்களிடமிருந்து இப்போதுதான் வருகிறது. அக்காவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, பெட்டிய அடுக்கு" என்றாள். அவளுடைய பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உரிமையைத் தாருங்கள். இன்று சாயந்தரமே தாருங்கள். வந்ததும் நான் முதலில் செய்யப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இனி இந்தச் சட்டம் எனக்கும்தான். ஹாஜியாரின் மெயில்பாக்ஸை ஒரே அளவில் நிறுத்தி வைப்பேன். அலர்ட்டிலிருந்து என் பெயரைத் தனியாக எடுத்துவிட்டு, அட்மின்கள் குழுவையே விட்டுவைப்பேன். அந்தக் குழுவில்தான் நாம் இரண்டு பேரும் இருப்போமே. அலர்ட்டில் என் பெயர் எடுக்கப்பட்டது என்று பார்த்துவிட்டு அம்மாவைப் பயமுறுத்தாதீர்கள். சம்மதமா?

கட்டிலைப் பற்றி யோசித்தேன். அழுதுகொண்டுதான் யோசித்தேன். சீனியம்மாவின் பேத்திக்கே கொடுப்போம். மாடியிலிருந்து பிள்ளை அழுகிற சத்தம் கேட்கும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கும். இருந்தாலும், அது வெறுமையாகக் கிடப்பதைப் பார்ப்பதை விட அந்தச் சத்தம் நல்லது. ஆனால் நீங்கள் தனியாகக் கொடுக்க வேண்டாம். நானும் இருக்கவேண்டும். ஒரு நாள் நாம் இரண்டு பேரும் அந்த அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம். அழ வேண்டியதை அங்கே அழுவோம். பிறகு நாமே கழற்றி, நாமே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் 155 பஸ்ஸில் வருகிறேன். பெட்டி பாரம்தான், ஆனால் ஸ்டாண்டுக்கு வரட்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன், வாருங்கள்.

கட்டிலுக்குப் பெரிய ஸ்குரூ டிரைவரைத் தேடி எடுத்து வையுங்கள். சின்னதில் அந்தக் கால்மாட்டு ஸ்குரூ கழலாது. நீங்கள் அதை முடுக்கியபோது மறு பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தானே.

உங்கள்
நிரோ